கர்ப்பிணியின் வலியைக் குடும்பமே கூடித் தீர்ப்பது எப்படி?

வீட்டில் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள். அவளுக்குத் தலை வலிக்கிறது. அல்லது இடுப்பு, அல்லது பல். இதை அவளும் அவளுடைய டாக்டரம்மாவும் இரண்டு நிமிடத்தில் பேசி முடித்துவிடும் அபாயம் எப்போதும் இருக்கிறது. அப்படி முடிந்துவிட்டால் மாமியாருக்கு என்ன வேலை? நாத்தனாருக்கு என்ன மரியாதை? குடும்ப வாட்ஸ்அப் குழு எதற்கு?

ஆகவேதான் இந்தக் கையேடு. இதில் உள்ள படிகள் நம் வீடுகளில் பல காலமாக நடைமுறையில் இருப்பவை. புதிதாகக் கண்டுபிடித்துச் சேர்த்தது எதுவும் இல்லை. ஒவ்வொரு படிக்குக் கீழேயும் அதைச் செய்தால் என்ன ஆகும் என்பதையும் எழுதியிருக்கிறேன். அந்தப் பகுதியைப் படிக்காமல் தாண்டிவிடுகிறவர்களே இந்த முறையில் சிறந்து விளங்குவார்கள்.

தேவையானவை

கர்ப்பிணி, ஒருவர். குறுக்கே பேசாதவராக இருந்தால் உத்தமம்.

உறவினர்கள், குறைந்தது நான்கு பேர். ஒருவர் மூன்று பிள்ளை பெற்றவராகவும், இன்னொருவர் எப்போதோ மருந்துக்கடையில் ஆறு மாதம் நின்றவராகவும் இருக்க வேண்டும்.

ஃப்ரிட்ஜின் மேலிருக்கும் பிஸ்கட் டப்பா, ஒன்று. உள்ளே பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள். காலாவதித் தேதி இருந்த முனை கிழிக்கப்பட்டிருக்க வேண்டும்.

செல்போன், தீராத டேட்டாவுடன்.

டாக்டரின் போன் நம்பர்: தேவைப்படாது.

படி 1: எங்கே வலிக்கிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்

"தலைவலிக்குது அத்தை" என்று அவள் வாயைத் திறந்ததுமே "என்ன மாத்திரை போடலாம்?" என்ற விவாதத்துக்குத் தாவிவிட வேண்டும். எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து வலிக்கிறது, கூட வேறென்ன செய்கிறது என்ற மூன்று கேள்விகளும் விவாதத்தின் உயிரையே எடுத்துவிடும். அதற்குப் பதில் காரணங்களை நாமே வழங்கலாம். "போனையே பாத்துக்கிட்டிருந்தா வலிக்காம என்ன பண்ணும்?" "கண்ணு பட்டிருக்கும், மிளகாய் சுத்திப் போடு."

இந்தப் படியை ஒழுங்காகச் செய்தால் எதையெல்லாம் கோட்டைவிடலாம் தெரியுமா? ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு விடாமல் மண்டையைப் பிளக்கும் தலைவலி, கண் முன்னே பூச்சி பறப்பது, பார்வை மங்குவது, மேல்வயிற்றில் வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது. இவை ப்ரீ எக்லாம்ப்சியா எனப்படும் கர்ப்பக்கால ரத்தக்கொதிப்பின் அடையாளங்களாக இருக்கலாம். பிபி 140/90-ஐத் தொட்டாலே டாக்டர் நிமிர்ந்து உட்கார்வார். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரலாம். தாய், பிள்ளை இருவர் உயிருக்கும் ஆபத்து. மாத்திரை போட்டதும் தலைவலி விட்டதே என்று நிம்மதியாகத் தூங்கப் போகலாம், பிபி தூங்காது.

இடுப்புவலியும் அப்படித்தான். விட்டுவிட்டு, ஒரு கணக்காக வந்து போகும் வலி, குறைமாதப் பிரசவ வலியின் தொடக்கமாக இருக்கலாம். குளிர்காய்ச்சலோடு விலாப் பக்கம் வலித்தால் சிறுநீரகத்தில் கிருமி ஏறியிருக்கலாம். அதற்கு வேண்டியது வலி மாத்திரை அல்ல, வேறு மருந்து. வலி ஒரு சேதி கொண்டுவந்து வாசலில் நிற்கிறது. அதை உள்ளே கூப்பிட்டு விசாரிக்காமல் துரத்துவதில்தான் இந்த முறையின் அழகே இருக்கிறது.

படி 2: பப்பாளியைத் தடை செய்துவிட்டு டப்பாவைத் திறங்கள்

கர்ப்பம் உறுதியான அன்றே பப்பாளி, அன்னாசி, எள்ளுருண்டை மூன்றும் வீட்டுக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்டிருக்கும். கிரகணத்தன்று ஜன்னல் சாத்தப்படும். இவ்வளவு காவல் இருக்கும் வீட்டில், பிஸ்கட் டப்பாவுக்கு மட்டும் பூட்டு கிடையாது. "அன்னிக்கு உங்க மாமா பல்லு புடுங்கிட்டு வந்தப்ப குடுத்தது, நல்லா கேட்டுச்சு" என்று ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்துக் கையில் வைப்பார்கள். அல்லது அவளே, கல்லூரி நாளிலிருந்து மாதாமாதம் தூரவலிக்குப் போட்டுப் பழகிய மெஃப்டால் ஸ்பாஸை எடுப்பாள். அது என்ன புதுசா? பத்து வருடப் பழக்கம்.

மாத்திரை பழையதுதான்; வயிற்றில் இருப்பவர் புதியவர். இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், மெஃபனமிக் ஆசிட், நேப்ராக்சன், நிமிசுலைடு எல்லாம் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை. இந்தக் கூட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதை 1971-இல் ஜான் வேன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி ஆஸ்பிரினை வைத்துக் கண்டுபிடித்தார். 1982-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாவதை இவை தடுக்கின்றன. வலியையும் வீக்கத்தையும் தூண்டுவதில் அந்தப் பொருளுக்குப் பங்கு உண்டு. அதனால் வலி குறைகிறது.

ஆனால் வயிற்றுப் பிள்ளைக்கு அதே பொருள் வேறு இரண்டு காரியம் செய்கிறது. அதன் சிறுநீரகத்துக்கு ரத்தம் தாராளமாகப் போக வழிசெய்கிறது. இன்னும் மூச்சுவிடத் தொடங்காத நுரையீரலைச் சுற்றிக்கொண்டு ரத்தம் நேரே மகாதமனிக்குப் போவதற்காக இதயத்தருகே ஒரு குறுக்குக் குழாய் இருக்கிறது. அது மூடாமலும் பார்த்துக்கொள்கிறது. அம்மாவின் பல்வலியை அடக்கப் போன மாத்திரை, நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய் இந்த இரண்டு வேலையிலும் கை வைக்கிறது.

படி 3: மருந்துக்கடைக்கு மச்சினனை அனுப்புங்கள்

டப்பாவில் கிடைக்காவிட்டால் கடை. போகிறவர் பைக்கை அணைக்காமலே, "அண்ணே, உடம்பு வலிக்கு ஒரு செட்டு" என்று கேட்க வேண்டும். யாருக்கு, என்ன வயது, மாசமா என்பதையெல்லாம் சொன்னால் கடைக்காரர் யோசிக்கத் தொடங்கிவிடுவார். "சீட்டு கொண்டாங்க" என்று திருப்பி அனுப்பினாலும் அனுப்பலாம். அத்தகைய அவமானம் நமக்கு வேண்டாம்.

அண்ணன் நான்கு அட்டைகளிலிருந்து ஒவ்வொன்றாகக் கத்தரித்துக் காகித உறையில் போட்டுத் தருவார். வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, ரோஸ் ஒன்று, வயிற்றுக்கு ஒன்று. எதிலும் முழுப் பெயர் இருக்காது. நாளைக்கு ஏதாவது ஆனால் டாக்டர் "என்ன மாத்திரை போட்டீங்க?" என்று கேட்பார், "ரோஸ் கலரு டாக்டர்" என்று பதில் சொல்லலாம்.

கலப்பு மாத்திரைகளில் இன்னொரு வசதி உண்டு. பெயரின் வாலில் 'பி' என்றோ 'பிளஸ்' என்றோ ஒட்டியிருக்கும். "பாராசிட்டமால்தான் அண்ணே" என்று கடைப்பையன் சொல்வது பொய்யல்ல, பாதி உண்மை. மீதிப் பாதி அசிக்ளோஃபினாக்காகவோ இபுபுரூஃபனாகவோ இருக்கும். காம்பிஃபிளாம் மாத்திரை ஒன்றில் பாராசிட்டமால் 325 மி.கி.; இபுபுரூஃபன் 400 மி.கி. 2024 ஆகஸ்டில் மத்திய அரசு 156 கலப்பு மருந்துகளைத் தடை செய்தது. அசிக்ளோஃபினாக் 50 மி.கி.யும் பாராசிட்டமால் 125 மி.கி.யும் சேர்ந்த மாத்திரையும் அந்தப் பட்டியலில் இருந்தது. வேறு அளவுகளில் அதே சேர்க்கை கடைகளில் இருக்கிறது. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் எல்லாம் அச்சிட்டிருப்பார்கள். ஆனால் கத்தரித்து வாங்கிய துண்டில் அந்த எழுத்து நம் பக்கம் வருவதில்லை.

படி 4: மாதக் கணக்கில் சண்டை போடுங்கள்

இப்போது எத்தனை மாதம் என்பதில் கருத்து வேறுபாடு அவசியம். கல்யாண நாளிலிருந்து ஒருவர் எண்ண வேண்டும், நாள் தள்ளிப்போனதிலிருந்து ஒருவர், பஞ்சாங்கம் பார்த்து ஒருவர். ஆஸ்பத்திரியில் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து வாரம் வாரமாக எண்ணி ஸ்கேனில் சரிபார்த்து அட்டையில் எழுதிக் கொடுத்திருப்பார்கள். அந்த அட்டையைத் தேடக் கூடாது.

வலி மாத்திரை விஷயத்தில் இந்த வாரக் கணக்குத்தான் எல்லாம். 2020 அக்டோபரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., மேலே சொன்ன இபுபுரூஃபன் கூட்டத்தை 20 வாரத்துக்குப் பிறகு தவிர்க்கும்படி எச்சரித்தது. காரணம் இதுதான்: 20 வாரத்தை ஒட்டிப் பனிக்குட நீரில் பெரும்பகுதி பிள்ளை கழிக்கும் சிறுநீராகிவிடுகிறது. சிறுநீரகம் மந்தமானால் நீர் வற்றுகிறது. பெரும்பாலும் பல நாள், சில வாரம் தொடர்ந்து போட்டவர்களிடம் இது தெரிந்தது. அபூர்வமாக 48 மணி நேரத்திலேயே தெரிந்ததும் உண்டு. நிறுத்தினால் பெரும்பாலும் நீர் மறுபடி ஊறிவிடும். டாக்டர் வேறு வழியில்லாமல் கொடுக்க நேர்ந்தால் குறைந்த அளவில், மிகக் குறைந்த நாளுக்குக் கொடுத்து, ஸ்கேனில் நீரைப் பார்த்துக்கொள்வார்.

30 வாரத்துக்கு மேல் அடுத்த ஆபத்து: அந்தக் குறுக்குக் குழாய் நேரத்துக்கு முன்பே மூடிக்கொள்ளலாம். பிள்ளையின் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் அது பெரிய சுமை. பிறந்த பிறகு மூட வேண்டிய கதவை வயிற்றுக்குள்ளேயே சாத்துவது போலத்தான். நம் கணக்கில் 30 வாரம் ஏழாம் மாதம். அதாவது வளைகாப்பு. மணையில் மூன்று மணி நேரம் உட்காரவைத்து, முழங்கை வரை வளையல் அடுக்கி, ஐந்து வகைச் சாதம் ஊட்டி முடித்ததும் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுவாள். "பாவம், ஒரு மாத்திரை குடு" என்று பாசத்தோடு டப்பா திறக்கப்படும் நாளும் அதுதான்.

படி 5: "தடவுறதுதானே" என்று சொல்லுங்கள்

மாத்திரை வேண்டாம் என்று யாராவது அடம்பிடித்தால், ஜெல்லை எடுங்கள். தடவுவது மருந்தாகாது என்பது குடும்பத்தின் நம்பிக்கை. ஒரு குழாய் முழுவதையும் இடுப்பில் பிதுக்கி, மேலே சூடான துணியைக் கட்டிவிடுங்கள்.

டைக்ளோஃபினாக் ஜெல்லில் இருப்பது டைக்ளோஃபினாக்தான். தோல் வழியே ரத்தத்துக்குப் போவது மாத்திரையைவிட மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் குறைவு என்றால் இல்லை என்று ஆகாது; அகலமாக, அடிக்கடி, சூட்டோடு பூசினால் உள்ளே போவது கூடும். கடைசி மூன்று மாதத்தில் தடவுவதற்கு முன்பும் டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். இளஞ்சூட்டு ஒத்தடம், இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, தட்டையான செருப்பு, கொஞ்சம் நடை: இவற்றுக்கு யாரிடமும் சீட்டு வேண்டாம். சுலபமாகவும் செலவில்லாமலும் இருப்பதால் குடும்பத்தில் இவற்றை யாரும் சிபாரிசு செய்வதில்லை.

படி 6: திடீரென்று பயந்துவிடுங்கள்

இதுவரை துணிச்சலாக இருந்தோம். இப்போது, ஒப்பீட்டில் பாதுகாப்பான ஒரே மாத்திரையைப் பார்த்துக் குலைநடுங்க வேண்டிய நேரம். சித்தப்பா குழுவில் ஒரு வீடியோ அனுப்பியிருப்பார்: "பாராசிட்டமால் போட்டால் குழந்தைக்கு ஆட்டிசம்! அமெரிக்க ஜனாதிபதியே சொல்லிவிட்டார்! பத்து பேருக்குப் பகிருங்கள்!"

அவர் அப்படிச் சொன்னது நிஜம். 2025 செப்டம்பர் 22 அன்று வெள்ளை மாளிகையில் டிரம்பும் சுகாதார அமைச்சர் ராபர்ட் கென்னடி ஜூனியரும் நின்று, கர்ப்பிணிகள் டைலனாலைத் தவிர்க்க வேண்டும், முடிந்தவரை பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். டைலனால் என்பது அங்கே விற்கும் பாராசிட்டமாலின் ஒரு வணிகப் பெயர். நம் ஊர் டோலோ, குரோசின், கால்பாலில் இருக்கும் அதே மருந்து. வீடியோவில் வராத சேதி ஒன்று உண்டு. அதே நாளில் எஃப்.டி.ஏ. டாக்டர்களுக்கு எழுதிய கடிதத்தில், ஆட்டிசத்துக்கு இந்த மருந்துதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை என்றே எழுதியிருந்தது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் அறிவிப்பை ஏற்கவில்லை. உலக சுகாதார நிறுவனமும் உறுதியான ஆதாரம் இல்லை என்றது.

சந்தேகம் ஏன் வந்தது? பாராசிட்டமால் போட்ட அம்மாக்களின் பிள்ளைகளிடம் ஆட்டிசம் போன்ற பிரச்சினைகள் சற்று அதிகமாகத் தெரிவதாகச் சில ஆய்வுகள் சொன்னது உண்மைதான். ஆனால் ஒருத்தி மாத்திரை போடுகிறாள் என்றால் அவளுக்குக் காய்ச்சலோ ஒற்றைத் தலைவலியோ தொற்றோ இருந்திருக்க வேண்டும். பிள்ளையைப் பாதித்தது மாத்திரையா, மாத்திரை போடவைத்த நோயா, பரம்பரையா? இதைப் பிரித்தறிய ஸ்வீடன் ஆய்வாளர்கள் 1995 முதல் 2019 வரை பிறந்த சுமார் 24.8 லட்சம் குழந்தைகளின் பதிவேடுகளை எடுத்தார்கள். மொத்தமாகப் பார்த்தபோது சிறு வேறுபாடு தெரிந்தது. பிறகு ஒரே தாயின் பிள்ளைகளை, ஒன்றுக்கு மாத்திரை போட்டிருக்கிறாள், இன்னொன்றுக்குப் போடவில்லை என்று ஒப்பிட்டார்கள். அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. 2024 ஏப்ரலில் வெளியான ஆய்வு அது. அதில் அதிர்ச்சி எதுவும் இல்லாததால் சித்தப்பாவுக்கு வந்து சேரவில்லை.

பயந்து மாத்திரையை ஒதுக்கினால் காய்ச்சல் மரியாதையாகப் போய்விடுமா? முதல் மாதங்களில் அடிக்கும் கடும் காய்ச்சலுக்கும், பிள்ளையின் தண்டுவடமும் மூளையும் சரியாக மூடாமல் போகும் குறைபாட்டுக்கும் தொடர்பு இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மாத்திரைக்குப் பயந்து காய்ச்சலைக் கொஞ்சுவது நல்ல வியாபாரம் அல்ல.

படி 7: அல்லது, மிட்டாய் போல் கொடுங்கள்

குடும்பத்தில் எதிர்க்கட்சி இருந்தே தீரும். "பாராசிட்டமால்தானே, ஒண்ணும் செய்யாது" என்பது அதன் கொள்கை. இந்தக் கட்சியினர் காலையில் தலைவலிக்கு ஒன்று, மதியம் சளி மாத்திரை ஒன்று, சாயங்காலம் "உடம்பு அசதியா இருக்கு" என்று ஒன்று என வழங்குவார்கள். சளி மாத்திரைக்குள்ளும் பாராசிட்டமால் இருக்கிறது என்பதைப் பெயரை வைத்து யாரும் கண்டுபிடிக்க முடியாது.

பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது பொதுவான உச்ச வரம்பு. அது வரம்பு, எட்டிப் பிடிக்க வேண்டிய மதிப்பெண் அல்ல. மீறினால் கல்லீரல் கெடும், தாயின் உயிருக்கே உலை வைக்கும். அதிக நாள், அதிக அளவு போடுவதில் எச்சரிக்கை வேண்டும் என்று 2021-இல் 91 ஆய்வாளர்களும் மருத்துவர்களும் சேர்ந்து கேட்டுக்கொண்டார்கள். தேவையானபோது, தேவையான அளவு, குறைந்த நாள் என்ற பழைய பாடத்தைத்தான் டாக்டர்களும் சொல்கிறார்கள். இரண்டு மூன்று நாளில் விடாத வலிக்கோ காய்ச்சலுக்கோ இன்னொரு அட்டை விடை அல்ல.

படி 8: டாக்டர் எழுதியதை நிறுத்துங்கள்

வலி மாத்திரை ஆபத்து என்று அரைகுறையாகக் கேள்விப்பட்ட ஒருவர், கர்ப்பிணியின் மருந்துப் பையைச் சோதனை போட வேண்டும். உள்ளே சின்ன ஆஸ்பிரின் மாத்திரை இருந்தால் மாட்டிக்கொண்டார்கள். "இது ஹார்ட் அட்டாக் வந்தவங்களுக்குக் குடுக்கிற மாத்திரையாச்சே! இந்தப் பச்சைப்புள்ளைக்கு எதுக்கு?" உடனே நிறுத்திவிட வேண்டும்.

ஆஸ்பிரினும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் வலிக்குப் போடும் அளவு வேறு, ப்ரீ எக்லாம்ப்சியா வராமல் தடுக்க டாக்டர் எழுதும் 75 அல்லது 150 மி.கி. வேறு. எஃப்.டி.ஏ. எச்சரிக்கையிலேயே குறைந்த அளவு (81 மி.கி.) ஆஸ்பிரினுக்கு விலக்கு உண்டு. 2017-இல் வெளியான ஆஸ்ப்ரி ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள 1,776 பெண்கள் கலந்துகொண்டார்கள். ஒரு பாதிக்கு இரவில் 150 மி.கி. ஆஸ்பிரின், மறு பாதிக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. 37 வாரத்துக்கு முன்பே ப்ரீ எக்லாம்ப்சியா வந்தது வெறும் மாத்திரைக்காரர்களில் 4.3 சதவீதம் பேருக்கு, ஆஸ்பிரின்காரர்களில் 1.6 சதவீதம் பேருக்கு. ஒரே மருந்து, அளவையும் காரணத்தையும் பொறுத்துக் காவலாளியாகவும் இருக்கிறது, கள்வனாகவும் இருக்கிறது. எது எப்போது என்று தெரிந்தவர்தான் அந்தச் சீட்டை எழுதியிருக்கிறார்.

படி 9: பொடி என்றால் கேள்வி கேட்காதீர்கள்

மேலே சொன்ன எதிலும் மனம் ஒப்பாத பெரியப்பா ஒருவர் இருப்பார். "இங்கிலீஷ் மருந்தே விஷம்" என்பார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், போர்டில்லாத கடையில் மூட்டுவலிக்குத் தனக்குத் தந்த பொடியை மடித்துக்கொண்டு வருவார். அரை மணியில் வலி பறந்துவிடும். எப்படிப் பறக்கிறது என்று கேட்பது பெரியவர்களை அவமதிப்பதாகும்.

கேட்டால், பல நாடுகளில் சோதனைக்கூடங்கள் சொன்ன பதில் ஒன்று உண்டு. மூலிகை என்று விற்ற வலிப் பொடிகளில் டைக்ளோஃபினாக்கும் ஸ்டீராய்டும் அரைத்துக் கலந்திருந்ததைப் பலமுறை பிடித்திருக்கிறார்கள். முறையாகப் படித்த சித்த மருத்துவரிடம் போனாலும் முதல் வாக்கியம் "மாசமா இருக்கேன்" என்பதாக இருக்க வேண்டும்.

"வயித்துக்குள்ள இருக்கிற புள்ளைக்கு எப்படிப் போகும்?" என்று பெரியப்பா கேட்டால், அப்படி நம்பிய ஒரு தலைமுறையின் கதையைச் சொல்லலாம். 1957 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்ற தூக்க மருந்து கடைக்கு வந்தது. மிகச் சாது என்று பெயர். கர்ப்பிணிகளின் மசக்கைக்கும் கொடுத்தார்கள். 1961-இல் ஜெர்மனியில் விடுகிண்ட் லென்ஸும் ஆஸ்திரேலியாவில் வில்லியம் மெக்பிரைடும் சந்தேகத்தை வெளியே சொல்லும் முன், கை கால் வளராத குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பிறந்துவிட்டார்கள். மொத்தம் 10,000-க்கும் மேல் என்பது பரவலான கணக்கு. அமெரிக்காவில் ஃபிரான்சிஸ் கெல்சி என்ற பெண் அதிகாரி, போதிய ஆதாரம் தரவில்லை என்று சொல்லி அனுமதிக் கையெழுத்தைத் தள்ளிக்கொண்டே போனதால் அங்கே அது அப்போது விற்பனைக்கே வரவில்லை. கேள்வி கேட்ட ஒருவரால் ஒரு நாடு தப்பியது.

படி 10: தாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்

எல்லாப் படியும் தோற்றால் இருக்கவே இருக்கிறது பிரம்மாஸ்திரம். "நாங்கல்லாம் ஒம்போதாம் மாசத்துல நாத்து நட்டோம். இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்குப் பொறுமையே இல்ல."

பெண்ணின் பொறுமையை நம்பித்தான் மருந்து உலகமும் நடந்திருக்கிறது. தாலிடோமைடு அதிர்ச்சிக்குப் பிறகு, 1977-இல் எஃப்.டி.ஏ., பிள்ளை பெறும் வயதுப் பெண்களைத் தொடக்கக்கட்ட மருந்துச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று வழிகாட்டியது. 1993-இல்தான் அதை மாற்றியது. கர்ப்பிணிகள் இன்றும் பெரும்பாலான சோதனைகளுக்கு வெளியேதான் நிற்கிறார்கள். ஆகவே "இது பாதுகாப்பா?" என்று அவள் கேட்டால் பல மருந்துகளுக்குத் தெளிவான பதில் இருப்பதில்லை. பதில் இல்லாத இடத்தில் "தாங்கிக்கோ" வந்து உட்கார்ந்துகொள்கிறது.

தாங்குவதற்கும் விலை உண்டு. தூக்கம் போகும், சாப்பாடு இறங்காது, மனம் சோரும். முதல் படியில் சொன்ன சேதியும் திறக்கப்படாமலே கிடக்கும்.

சந்தேகங்களும் விளக்கங்களும்

கேள்வி: மாசமாக இருப்பது தெரியாமல் இரண்டு இபுபுரூஃபன் போட்டுவிட்டாள். என்ன செய்வது?

பதில்: எங்கள் முறைப்படி, ஊரைக் கூட்டி அழ வேண்டும், "கலைச்சுடலாமா?" என்று யாராவது ஒருவர் கேட்க வேண்டும். நிஜத்தில், ஆரம்பத்தில் தெரியாமல் போட்ட ஓரிரண்டு மாத்திரைக்காக அப்படியொரு முடிவுக்குப் போகத் தேவையே இல்லை. இனிப் போடாமல், அடுத்த பரிசோதனையில் டாக்டரிடம் சொன்னால் போதும். மறைப்பதுதான் தப்பு.

கேள்வி: ஒற்றைத் தலைவலிக்கு எப்போதும் போடும் மாத்திரையைத் தொடரலாமா?

பதில்: அட்டையைத் திருப்பிப் பாருங்கள். எர்கோட்டமின் இருந்தால் கூடாது. அது ரத்தக் குழாய்களையும் கருப்பையையும் சுருக்கும். தலைவலி வராமலிருக்கத் தினமும் போடும் மாத்திரை வால்ப்ரோயேட் என்றால் பிறவிக் குறைபாட்டு ஆபத்து உண்டு. பிள்ளைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் பேசி மாற்ற வேண்டும். வலிப்பு நோய்க்காகப் போடுகிறவர்கள் தாங்களாக நிறுத்திவிடவும் கூடாது. டிரமடால், கோடீன் போன்றவற்றைத் தொடர்ந்து போட்டால் பிறந்த பிள்ளை அந்த மருந்து கிடைக்காத தவிப்பில் நடுங்கலாம், அழலாம், பால் குடிக்காமல் போகலாம்.

கேள்வி: பல்வலி. பிரசவம் முடியட்டும் என்று விட்டுவிடலாமா?

பதில்: தாராளமாக, எங்கள் முறைப்படி. ஆனால் பல் டாக்டரிடம் போய், மாசம் எத்தனை என்று சொல்லி, மரத்துப்போகும் ஊசி போட்டுச் சொத்தையைச் சரிசெய்துகொள்வதற்குக் கர்ப்பம் தடையல்ல. ஐந்து மாதம் வலி மாத்திரையில் ஓட்டுவதைவிட அது நல்லது.

கேள்வி: இணையத்தில் 'பி பிரிவு மருந்து, பாதுகாப்பானது' என்று போட்டிருக்கிறதே?

பதில்: ஏ, பி, சி, டி, எக்ஸ் என்ற அந்த எழுத்துகளை எஃப்.டி.ஏ. 1979-இல் கொண்டுவந்தது. அவற்றைப் பள்ளிக்கூட கிரேடு போல ஜனங்கள் படித்துவிடுகிறார்கள் என்று 2015 முதல் கைவிடத் தொடங்கியது. கூகுள் இன்னும் விடவில்லை.

கேள்வி: பிள்ளை பெற்றபின் டாக்டரே இபுபுரூஃபன் எழுதுகிறாரே, பால் கொடுக்கிற பெண்ணுக்கு?

பதில்: இத்தனை படிகளைப் படித்துவிட்டு இப்போது அதைத் தடுக்கலாம் என்று பார்க்கிறீர்கள். அந்தக் குறுக்குக் குழாய் பிறந்தபின் மூட வேண்டியதுதான். பாலில் போகும் அளவும் மிகச் சொற்பம். பிரசவத்துக்குப் பிந்தைய வலிக்கு அவர் எழுதியதை அவள் போடட்டும்.

இந்த முறை தோற்றுப்போகும் விதம்

எல்லா வழிமுறையிலும் ஓட்டை உண்டு. இதிலும் உண்டு. அவளே பேச ஆரம்பித்துவிட்டால் முடிந்தது கதை. எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, கூட என்ன செய்கிறது, எத்தனை வாரம், இதுவரை என்ன போட்டேன் என்ற ஐந்தையும் அவள் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டாக்டரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, ஊருக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ நீட்டினால், பத்துப் படியும் படுத்துவிடும். ராத்திரியில் சந்தேகம் என்றால் 104-க்குப் போன் போட்டுக் கேட்கும் துரோகமும் நடக்கக்கூடும்.

இன்னொரு ஓட்டை அவசரம். மண்டை வெடிக்கும் தலைவலி, மங்கும் பார்வை, வலிப்பு, ரத்தப்போக்கு, நீர் உடைதல், பிள்ளையின் அசைவு குறைவது, குறைமாதத்தில் விட்டுவிட்டு வரும் வலி: இவற்றில் எதைப் பார்த்தாலும் கூட்டம் போட நேரம் கிடைக்காது. 108-ஐக் கூப்பிட வேண்டியிருக்கும். அந்த வண்டியில் கர்ப்பிணியோடு எல்லோரும் ஏற முடியாது. மீதி உறவினர்கள் வீட்டிலேயே இருந்து, பிஸ்கட் டப்பாவைக் காலி செய்து வைக்கலாம்.